சித்திக்கு ஒத்துக்கலை

ஜனவரி 8, திங்கள்

தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் நஸீமா. எத்தனை தும்மல், மூச்சு இரைத்ததா, என்ன மாத்திரை, காலையில் மூச்சின் வேகத்தை அளக்கிற குழாயை ஊதினால் முள் எத்தனையில் நிற்கிறது. யூனியனில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. தும்மலை மட்டும் எழுதினால் பக்கம் வீண். மற்றதையும் எழுதுகிறேன்.

இன்று கையில் பரிசோதனை. முழங்கைக்குக் கீழே பேனாவால் வரிசையாக எண் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து, அதன் மேல் சின்னதாக ஒரு குத்து. தூசு, கரப்பான், மகரந்தம், நாய், பூனை என்று பட்டியல். கால் மணி நேரம் சொறியக் கூடாது. இதற்காக ஒரு வாரம் தும்மல் மாத்திரையை நிறுத்திவிட்டு, திருச்சி ஜங்ஷன் முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்து, டிக்கெட் கேட்டு வந்தவர்கள் முகத்தில் தும்மாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏழாம் எண், பூனை, சட்டைப் பொத்தான் அளவுக்கு வீங்கியது. ஸ்டெல்லா சிஸ்டர் ஸ்கேல் வைத்து அளந்து, பதினாலு மில்லிமீட்டர் என்று சந்தோஷமாகச் சொன்னார். ஏதோ நான் முதல் மார்க் வாங்கியது மாதிரி.

பூனையை வீட்டை விட்டு அனுப்புவதுதான் சுலபமான வழி என்றார் டாக்டர். அது போய் ஏழு மாதம் ஆகிறது என்றேன்.

"பூனையே இல்லாத வீட்டுல உங்களுக்கு எதுக்கு ஊசி?"

"அது திரும்பி வரணும் டாக்டர். அது வந்தாதான் பொண்ணு வருவா."

பேனாவை மூடி வைத்துவிட்டு, விவரமாகச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அறிவழகனுக்கு நான் இரண்டாம் தாரம். எனக்கு நாற்பத்திரண்டு வயதில் முதல் கல்யாணம். அவருடைய மகள் மகிழினிக்கு இப்போது பன்னிரண்டு; அவள் அம்மா பூங்கோதை இறந்தபோது ஒன்பது. அம்மாவும் மகளும் சேர்ந்து எடுத்து வளர்த்த பூனை அது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்றும் கலந்து கிடப்பதால் மிச்சர் என்று பெயர். கல்யாணமாகி மூன்றாம் வாரம் எனக்குத் தும்மல் ஆரம்பித்தது. எட்டாம் மாதம் மூச்சுத் திணறி மூன்று நாள் ஆஸ்பத்திரி. வீடு திரும்பினால் மிச்சர் இல்லை, கரூரில் அவள் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தது. லீவுக்கு அங்கே போயிருந்த மகிழினியும் அடுத்த வாரமே வந்து டி.சி. வாங்கிக்கொண்டு கரூருக்கே போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

டாக்டர் சத்தியம் எதுவும் செய்யவில்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கிற ஏதோ ஒரு புரதம்தான் என் உடம்புக்கு ஆகவில்லையாம். அதையே துளித்துளியாக ஊசியில் ஏற்றி, வாரா வாரம் அளவைக் கூட்டி, உடம்பைப் பழக்குவார்கள். ஐந்தாறு மாதம் வாரம் ஒன்று. அப்புறம் மாதம் ஒன்று, அது மூன்று வருடம். சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குப் பாதி, சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முடியுமா என்று கேட்டேன். முயற்சி பண்ணலாம் என்றார். எனக்கு அது போதும்.

எனக்குப் பூனை மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 9, செவ்வாய்

குழாய் 290. தும்மல் நான்கு.

வீட்டுக்காரரிடம் ஊசி பற்றிச் சொன்னேன். பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக் கொடுக்கிற மனுஷன், எதையும் கோடு கிழித்த மாதிரி பேசுவார். இதற்கு மட்டும் பாத்துக்கலாம், பாத்துக்கலாம் என்றார். அவள் அங்கே நன்றாகத்தானே படிக்கிறாள், நீ எதற்கு உடம்பைப் போட்டு வருத்திக்கொள்கிறாய் என்றார். என் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார்.

ஜனவரி 17, புதன்

காணும் பொங்கலுக்குக் கரூர் போனோம். நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகிழினி மிச்சரைத் தூக்கிக்கொண்டுபோய் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். அப்படியும் எனக்குப் பதினோரு தும்மல். தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, மாத்திரை இருந்தா போட்டுக்கங்க என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறாளோ என்னவோ. அப்பாவிடம் நன்றாகப் பேசினாள், மடியில் காலைப் போட்டுக்கொண்டு டி.வி. பார்த்தாள்.

அவள் பெரியம்மா, கரூர் அக்கா, நல்ல மனுஷி. சமையலறையில் என்னிடம் ஒரு மாதிரியாகப் பேசினார். பிடிக்காததை யாருக்காகவும் பிடிச்ச மாதிரி காட்டிக்க வேண்டாம் மங்கை, பிள்ளை இங்கேயே சந்தோஷமா இருக்கட்டும் என்றார். எனக்கு என்ன பிடிக்கவில்லை என்று இவருக்கு யார் சொன்னது? கேட்டிருக்க வேண்டும். வாயெல்லாம் கவுண்டரில்தான். கரூரில் தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 29, திங்கள்

மூச்சு கட்டுக்குள் வந்துவிட்டது. குழாய் 330. முதல் ஊசி. வலிக்கவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

இரண்டாவது. இடது கை. கொசு கடித்த அளவுக்குத் தடிப்பு. தும்மல் இரண்டு, அதுவும் மிளகாய் வறுத்ததால் வந்தது, கணக்கில் சேராது.

பிப்ரவரி 18, ஞாயிறு

மகிழினியின் அறையைத் துப்புரவு செய்தேன். தூசும் எனக்கு ஆகாது, அதற்காகத்தான். மெத்தைக்கு ஜிப் வைத்த உறை, ஜன்னலுக்குப் புதுத் திரை. கட்டில் சின்னதாகத் தெரிந்தது. பொங்கலுக்குப் பார்த்தபோது என் தோளுக்கு வந்துவிட்டாள். பெரிய கட்டில் ஒன்று சொல்லியிருக்கிறேன். பழைய பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சீருடை என்ன நிறம் என்று தெரிந்தவர் ஒருவரிடம் விசாரித்தேன். சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்.

மார்ச் 4, திங்கள்

ஆறாவது ஊசி. போட்ட பிறகு முப்பது நிமிடம் பெஞ்சில் உட்கார வேண்டும், ஏதாவது ஆகிறதா என்று பார்ப்பதற்கு. அப்புறம் இரண்டு மணி நேரம் ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு ரிடையர்டு தலைமை ஆசிரியர், அவருக்குத் தூசு. எனக்கு என்ன என்றார், பூனை என்றேன். வீட்டில் எத்தனை பூனை என்றார். ஒன்றும் இல்லை என்றேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 27, புதன்

திங்கட்கிழமை நடந்ததை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. என் தப்பு. கிளினிக்கை யாரும் குறை சொல்லக் கூடாது.

கோடை விடுமுறைக் கூட்டம், இரண்டு மணிக்கு எனக்கு கவுண்டர். ஊசி போட்டு இருபத்திரண்டு நிமிடம் ஆனது. ஒன்றும் இல்லையே சிஸ்டர், கிளம்புகிறேன் என்றேன். சிஸ்டர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கவுண்டரில் ஒரு நிமிடம் முன்னால் கேட்டாலும் மணியைக் காட்டுகிறவள் நான். எட்டு நிமிடத்தை எனக்கு நானே தள்ளுபடி செய்துகொண்டேன். ஸ்டேஷன் மேம்பாலத்தில் இரண்டிரண்டு படியாக ஏறினேன். பாதியில் உள்ளங்கை அரித்தது, உதடு தடித்தது, தொண்டைக்குள் யாரோ துணியை அடைத்த மாதிரி இருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்க்கும் ஜெயசுதா பார்த்து, ஆட்டோவில் போட்டுத் திரும்பக் கிளினிக்குக்கே கொண்டுபோனாள். தொடையில் ஊசி. அஞ்சு நிமிடத்தில் மூச்சு வந்தது. பயம் போக ஒரு நாள் ஆனது.

டாக்டர் சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அளவை இரண்டு படி குறைத்துவிட்டார். ஜூன் நெருங்குகிறது, நான் பின்னால் போகிறேன்.

வீட்டுக்காரர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். போதும் மங்கை, விட்டுடு என்றார். அடுத்த திங்கள் போவேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 30, சனி

மகிழினி போன் செய்தாள். அப்பாவுக்கு இல்லை, எனக்கு. முதல் தடவை.

ஊசி போட்டு மயங்கிட்டீங்கன்னு அப்பா சொன்னாரு என்றாள். மயங்கவில்லை, உட்கார்ந்தேன் என்றேன். எதற்கு ஊசி என்று கேட்டாள். அவளுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, பலிக்காமல் போனால் அசிங்கம் என்று. மிச்சர் பக்கத்தில் இருந்தாலும் எனக்கு மூச்சு விட முடிய வேண்டும், அதற்குத்தான் என்றேன்.

"நீங்கதானே ஒத்துக்கலை" என்றாள்.

"ஆமா, எனக்கு ஒத்துக்கலை. அதுக்குத்தான ஊசி."

"அது இல்ல. நீங்க ஒத்துக்கலை. மிச்சர் வீட்டுல இருக்கவே கூடாதுன்னு சொல்லிட்டீங்க."

"யாரு சொன்னது?"

போனை வைத்துவிட்டு ஒரு படம் அனுப்பினாள். போன வருடம் மே மாதம், நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அவள் அப்பா அவளுக்கு அனுப்பிய வாட்ஸ்அப்.

"சித்தி ஒத்துக்கலை. மிச்சர் இனிமே பெரியம்மா வீட்லயே இருக்கட்டும்."

அதற்குக் கீழே அவள் எழுதியது: "அப்ப நானும் வீட்டுக்கு வரல."

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அவளுடைய வரிக்குப் பக்கத்தில் இரண்டு நீல டிக் மட்டும்.

ஒரு 'க்கு' விட்டுப்போயிருக்கிறது. சித்திக்கு ஒத்துக்கலை என்றால் அது என் மூக்கின் குற்றம். சித்தி ஒத்துக்கலை என்றால் என் மனசின் குற்றம். பத்து மாதமாக அந்தப் பிள்ளை என் மனசைத்தான் வெறுத்திருக்கிறாள், கரூர் அக்காவும்தான். நான் மூக்குக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் அவசரத்தில் தட்டியிருப்பார். அவசரத்தில் யாருக்கும் வரக்கூடிய தப்புதான்.

மார்ச் 31, ஞாயிறு

நேற்று எழுதிய கடைசி வரியை நானே நம்பவில்லை.

காபி குடிக்கும்போது படத்தைக் காட்டினேன். டைப் பண்றப்ப விட்டுப்போச்சு என்றார். சரி, அவள் வரமாட்டேன் என்று பதில் போட்டாளே, அதைப் படித்தீர்களா என்றேன். டம்ளரை வைத்தார்.

"படிச்சேன்."

"அப்ப ஏன் திருத்தலை?"

பிறகு சொன்னார். "பூனைய அனுப்பறதுன்னு முடிவு பண்ணது நான்தான் மங்கை. டாக்டருங்க வேற வழியும் சொன்னாங்க, நான் கேட்டுக்கலை, பயந்துட்டேன். பூங்கோதை போனப்ப மகி ஒரு வருஷம் எங்கிட்ட பேசலை. இன்னொரு தடவை அப்படி இருக்க என்னால முடியாது."

ஆக, கோபம் யார் மேலாவது வரத்தான் வேண்டும், அது என் மேல் வந்தது, அவருக்கு வசதியாகப் போயிற்று. ஆயிரம் பேர் டிக்கெட்டில் பெயர் தப்பு என்று வந்து நிற்பார்கள். ஓர் எழுத்துதானே மேடம் என்பார்கள். அந்த ஓர் எழுத்தால் ரயிலை விட்டவர்களை எனக்குத் தெரியும். இவர் என் பெயரில் ஒரு குழந்தையின் வெறுப்பை முன்பதிவு செய்துவிட்டு, பத்து மாதம் எனக்கு எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டிருக்கிறார். எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் ஆத்திரம்தான் அதிகம்.

இப்போதே போன் செய்யுங்கள், ஸ்பீக்கரில் போடுங்கள் என்றேன். செய்தார். தப்பு என்னோடதும்மா, சித்தி அப்படிச் சொல்லவே இல்லை, அவங்க அப்ப ஆக்சிஜன்ல இருந்தாங்க என்றார். மகிழினி போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 1, திங்கள்

ஊசி, குறைந்த அளவு. முப்பது நிமிடம் உட்கார்ந்தேன். அதற்கு மேல் பத்து நிமிடம், யாரும் கேட்காமலே. வீட்டில் உப்பு, தண்ணீர் பற்றி மட்டும் பேச்சு.

ஏப்ரல் 13, சனி

விட்ட அளவை எட்டிப் பிடிக்க இன்னும் ஒரே ஊசி. குழாய் 350. அவர் கரூர் போய்விட்டு வந்தார். மகள் பேசினாளா என்று நான் கேட்கவில்லை. திட்டினா என்று அவராகவே சொன்னார். நல்லது என்றேன். இரண்டு வாரம் கழித்து அவருக்கு நானே சாதம் போட்டேன்.

ஏப்ரல் 20, சனி

மகிழினி போன். மூச்சு விடாமல் பேசினாள், எழுதி வைத்துப் படிக்கிற மாதிரி. நான் வரேன். மிச்சர் இங்கேயே இருக்கட்டும். பெரியம்மா பாத்துக்குவாங்க. நீங்க ஊசிய நிறுத்திடுங்க.

ஏன் நிறுத்த வேண்டும் என்றேன்.

"எங்கம்மாவும் வாரா வாரம் ஊசிதான் போட்டாங்க. சரியாயிடும்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன். எதற்காக ஜனவரியிலிருந்து அலைகிறேனோ அது தானாக வந்து கையில் விழுகிறது, சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் பூனையை அங்கே விட்டுவிட்டு இங்கே வந்தால், எனக்கு விட்டுக்கொடுத்தவளாகவே இந்த வீட்டில் வளர்வாள். ஒவ்வொரு தடவை நான் தும்மும்போதும் பயப்படுவாள். வேண்டாம்.

"ரெண்டு பேரும் வாங்க. தனியா வராத" என்றேன். இது அந்த ஊசி இல்லை, நம்பாவிட்டால் லீவில் வந்து நீயே டாக்டரைக் கேள் என்றேன். கேட்கிறேன் என்றாள்.

மே 6, திங்கள்

வந்தாள். ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. டாக்டரிடம் நேராகவே கேட்டாள், இதனால் யாராவது செத்துப்போவார்களா என்று. டாக்டர் சிரிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. ரொம்ப ரொம்ப அபூர்வம், அந்த அபூர்வமும் நடக்கக் கூடாது என்றுதான் முப்பது நிமிடம் இங்கேயே உட்கார வைக்கிறோம், உங்க சித்தி ஒரு தடவை ஓடிப்போனாங்க என்றார். மகிழினி என்னைப் பார்த்த பார்வையில் நான் தலை குனிந்தேன்.

பெஞ்சில் முப்பது நிமிடமும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேசியது குறைவு. கை வீங்குதா என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு வாரம் கழித்துப் பூனையை ஒரு பகல் மட்டும் கொண்டுவந்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மே 19, ஞாயிறு

கரூர் அக்கா பிளாஸ்டிக் கூடையில் மிச்சரைக் கொண்டுவந்தார். வாசலிலேயே என் கையைப் பிடித்து, தப்பா நினைச்சுட்டேன் மங்கை என்றார். உள்ளே வாங்கக்கா என்றேன்.

காலை பத்திலிருந்து மதியம் ஒன்று வரை. இன்ஹேலர் என் மடியில், வீட்டுக்காரர் போனில் ஆம்புலன்ஸ் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில், மகிழினி ஊது குழாயோடு எதிரில். மிச்சர் யாரையும் சட்டை செய்யவில்லை. வீட்டை ஒரு சுற்று முகர்ந்துவிட்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் படுத்துத் தூங்கியது. தும்மல் ஆறு. மூக்கில் நீர். கண் கொஞ்சம் அரிப்பு. மூச்சு இரைக்கவில்லை. குழாய் முதலில் 360, கடைசியில் 340. மகிழினி மூன்று தடவை ஊதச் சொல்லி, மூன்றையும் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். போன வருடம் இதே அறையில் இருபது நிமிடம் தாங்கியிருக்க மாட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

இருவரும் நேற்று வந்து சேர்ந்தார்கள். நாளை பள்ளி.

டாக்டரின் நிபந்தனைகள்: பூனை எங்கள் படுக்கையறைக்குள் வரக் கூடாது, மெத்தை உறைகளை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலச வேண்டும், தரையைத் தினமும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். துடைப்பது வீட்டுக்காரர் வேலை. நான் சொல்லவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். மூலை முடுக்கெல்லாம் ஸ்கேல் வைத்த மாதிரி துடைக்கிறார். முழுசாகக் குணமாகவில்லை. காலையில் நான்கு தும்மல். மகிழினி அறையிலிருந்தே நாலு என்று எண்ணிச் சொன்னாள்.

சாயங்காலம் நான் மேஜையில் உட்கார்ந்து, ஐந்து மாதச் சோதனைக்காக டாக்டர் கொடுத்த படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நாளை அதைக் கொடுக்க வேண்டும். மகிழினி நோட்டுக்கு அட்டை போட வந்து எதிரில் உட்கார்ந்தாள். இன்னும் எத்தனை நாள் இந்த ஊசி என்று கேட்டாள். இந்த மாதம் முடிந்தால் அப்புறம் மாதம் ஒன்று, மூன்று வருடம் என்றேன். எட்டு, ஒன்பது, பத்து என்று விரலை மடக்கினாள்.

"அப்ப நான் டென்த் முடிச்சிருப்பேன்."

"ஆமா."

"நடுவுல நிறுத்தக் கூடாது."

"நிறுத்த மாட்டேன்."

"நீங்க நிறுத்தலன்னா நானும் நடுவுல எங்கேயும் போக மாட்டேன்."

கொடுக்கல் வாங்கல் பேசுகிற குரலில்தான் சொன்னாள். லேபிளில் பெயரை எழுதி முடித்து, நோட்டை எடுத்துக்கொண்டு, மிச்சருக்குச் சோறு வைக்கப் போய்விட்டாள்.

படிவத்தில் கடைசிக் கேள்வி: இன்று கண்ணில் நீர் வடிந்ததா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை டிக் செய்யவும். பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், எழுத்து தெரியவில்லை. ஆம் என்று போட்டால் டாக்டர் பூனையைத்தான் சந்தேகப்படுவார். அது பாவம், ஒன்றும் செய்யவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, 'இல்லை'யில் டிக் போட்டேன்.